இடது கால் உதை வராதவர்களுக்கு: மூன்று மாதத்தில் நான் செய்ததும், செய்யாமல் விட்டிருக்க வேண்டியதும்

மகனை டேக்வாண்டோ வகுப்பில் கொண்டுவிட்டு, முடியும்வரை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஆறு மாதம் அப்படி உட்கார்ந்து அலுத்துப்போய், முப்பத்தெட்டு வயதில் நானும் வெள்ளை பெல்ட் கட்டினேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் இதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு இருந்தது, அது கிடக்கட்டும். மஞ்சள் பெல்ட் வரை ஒரு சிக்கலும் இல்லை. பச்சை பெல்ட் தேர்வில்தான் மாட்டினேன். வயிற்றளவில் ஒருவர் கையில் பிடித்த பேடில் (அடி வாங்கும் மெத்தை) வலது காலால் பத்து, இடது காலால் பத்து டோல்யோ சாகி, அதாவது பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதை. வலது பத்துக்கும் பேடில் நல்ல சத்தம். இடதில் நான்காவது உதைக்கே தடுமாறித் தரையில் கை ஊன்றிவிட்டேன். சுற்றிலும் என் மகன் வயதுப் பிள்ளைகள். தேர்வுக் கட்டணம் 800 ரூபாய் போனது, மறுதேர்வுக்கு இன்னொரு 500.

மறுதேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. அதில் முதல் ஆறு வாரத்தைத் தப்பான வழியில் தொலைத்தேன். கராத்தே, டேக்வாண்டோ, கிக்பாக்ஸிங், நம் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை என எதில் சேர்ந்திருந்தாலும் ஒரு பக்க உதை மட்டும் வராமல் தவிக்கிறவர்களுக்கு அந்த ஆறு வாரமாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் வலக்கால் பழக்கம் உள்ளவள். நீங்கள் இடக்கால் பழக்கக்காரர் என்றால் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் குறை எந்தக் காலில் என்று பாருங்கள்

தேவை: ஒரு செல்போன், ஒரு நாற்காலி, அரை மணி நேரம். செலவு இல்லை.

போனை நாற்காலியில் இடுப்பு உயரத்துக்குச் சாய்த்து வைத்து, பக்கவாட்டில் நின்று வலது ஐந்து, இடது ஐந்து உதையுங்கள். பிறகு மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். எல்லோரும் உதைக்கிற காலைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்து, இடது காலில் பலம் இல்லை என்று முடிவு கட்டி, தினமும் ராத்திரி இருநூறு இடது உதை போட்டேன். இருநூறு தப்பான உதை.

திருத்தியது எங்கள் பக்கத்து வீட்டு ஆசான். எழுபது தாண்டியவர், ஒரு காலத்தில் அடிமுறை சொல்லிக்கொடுத்தவர். முற்றத்தில் நான் படும் பாட்டைத் திண்ணையில் வெற்றிலை போட்டபடி நாலைந்து நாள் பார்த்திருக்கிறார். ஒரு சாயங்காலம் கூப்பிட்டார். "மக்களே, உனக்க எடது காலுக்கு ஒரு குறையும் இல்ல கேட்டியா. வலது காலு நிக்கப் படிக்கல்ல."

அன்றைக்கு வீடியோவை மறுபடி போட்டு, இந்த முறை தரையில் இருக்கும் காலை மட்டும் பார்த்தேன். இடது உதையின்போது என் வலது பாதம் திரும்பவே இல்லை. குதிகால் தரையில் ஒட்டியபடி இருக்க, மேலே உடம்பு மட்டும் முறுக்கிக்கொண்டு போனது. யோசித்தால் காரணமும் புரிந்தது. இரண்டு பிள்ளைகளையும் இடது இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். குடமும் அந்த இடுப்பில்தான். எப்போதும் பாரத்தைத் தாங்கி நின்றது இடது கால். வலது கால் தனியாக நின்றதே இல்லை. எனக்குத் தையல் வேலை, மெஷின் பெடலை அமுக்குவதும் வலது கால்தான், அதுவும் உட்கார்ந்தபடி. பந்து உதைத்து வளர்ந்த ஆண்களுக்கும் இதே கதைதான்: பந்தைத் தொடுவது வலது கால், அந்த நேரம் உடம்பைத் தாங்குவது இடது கால்.

சரிபார்க்க மூன்று சோதனைகள். ஒன்று, கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று எண்ணுங்கள், இரண்டு காலுக்கும் தனித்தனியாக. எனக்கு இடதில் இருபத்திரண்டு, வலதில் ஏழு. இரண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று, உதைக்கும் முட்டியைக் கையால் பக்கவாட்டில் தூக்கி உதை உயரத்துக்குக் கொண்டுபோங்கள். கையால் தூக்கினாலும் வரவில்லை என்றால் இடுப்பு இறுக்கம். மூன்று, அதே உயரத்தில் கையை விட்டுவிடுங்கள். கால் பொத்தென்று விழுந்தால் தூக்குகிற தசைக்குப் பலம் போதாது. எது உங்களுடையது என்று தெரிந்த பிறகு, கீழே உள்ளதில் அதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

2. வலி இருந்தால் முதலில் டாக்டர்

உதைக்கும்போது தொடை மடியும் இடத்தில் கிள்ளுவது போலக் குத்தினாலோ, முட்டி வீங்கினாலோ, எப்போதோ பைக்கில் விழுந்த அடி அந்தக் காலில் இருந்தாலோ பயிற்சியைக் கூட்டாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலை வெளிநோயாளிப் பிரிவில் சீட்டு எடுத்து எலும்பு மருத்துவரைப் பார்க்கலாம். ஆதார், பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு இவற்றை எடுத்துப் போங்கள். நேரத்தோடு போனால் மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வரலாம். எனக்கு முட்டிக்குப் பின்னால் வலி வந்தபோது (ஏன் வந்தது என்பதை ஐந்தாவது படியில் சொல்கிறேன்) தனியார் பிசியோதெரபிஸ்டிடம் மூன்று நாள் போனேன், தடவைக்கு 400 ரூபாய்.

நம் ஊரில் எண்ணெய் தேய்த்துத் தடவிவிட ஆள் இல்லாத தெரு கிடையாது. களைப்புக்கும் பிடிப்புக்கும் சுகமாகத்தான் இருக்கும். வீக்கம் இருக்கிற இடத்தை மட்டும் யாரையும் அமுக்க விடாதீர்கள்.

3. நிற்கிற காலைப் பழக்குங்கள் (முதல் மூன்று வாரம்)

உதையே வேண்டாம். கை அரிக்கும், கால் அரிக்கும், இருந்தாலும் வேண்டாம்.

முதல் வாரம் வெறுமனே நிற்பதுதான். வலது காலில் நின்று, இடது முட்டியை வயிற்றளவு தூக்கி, முப்பது எண்ணும்வரை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை. இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது நில்லுங்கள், பல் தேய்க்கும்போது நில்லுங்கள். நிற்கிற முட்டியைப் பூட்டிவிடாமல் லேசாக மடக்கி வையுங்கள். பெருவிரல், சுண்டுவிரலின் அடிப்பகுதி, குதிகால் என்று மூன்று இடமும் தரையில் பதிந்திருக்க வேண்டும். பாதம் உள்பக்கம் சரிந்தால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. முதல் இரண்டு நாள் எனக்குக் கணுக்கால் தட்டச்சு மெஷின் மாதிரி நடுங்கியது.

இரண்டாவது வாரம் பாதத்தைத் திருப்புவது. சுழல் உதையின் உயிர் இங்கேதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிகாலைக் காகிதம் நுழையும் அளவு மட்டும் தூக்கி, முன்பாதத்தின் மேல் திரும்புங்கள். திரும்பி முடிந்ததும் குதிகால் இலக்கைப் பார்க்க வேண்டும், விரல்கள் பின்பக்கம். முழுதாக வராவிட்டால் பக்கவாட்டுக்காவது வரட்டும். தரையில் சாக்பீஸால் ஒரு சிலுவைக் கோடு போட்டு, நடுவில் முன்பாதத்தை வைத்துக்கொண்டால் எவ்வளவு திரும்புகிறோம் என்று தெரியும். இடது காலில் நின்று இதைச் செய்தபோது என் குதிகால் கோட்டைத் தாண்டிப் போனது. வலது காலில் பாதி வழியில் நின்றுவிட்டது. தேர்வில் கை ஊன்றியதன் காரணம் அந்தப் பாதிக் கோட்டில் இருந்தது.

எச்சரிக்கை: ரப்பர் அடி போட்ட ஷூவோடு சிமென்ட் தரையில் இதைச் செய்யாதீர்கள். பாதம் ஒட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் முறுக்குப்படுவது முட்டி. வெறுங்கால்தான் நல்லது, மொசைக் தரையோ டைல்ஸோ போதும். ஈரம் இருக்கக் கூடாது.

மூன்றாவது வாரம், முட்டியைத் தூக்குவதும் பாதத்தைத் திருப்புவதும் சேர்ந்து. உதை இன்னும் இல்லை. கம்பியை ஒரு கையால், பிறகு இரண்டு விரலால், பிறகு விட்டுவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை சங்குத்துறை, சொத்தவிளை என்று கடற்கரைக்குப் போனால், அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள், நல்ல பயிற்சி. தளர்ந்த மணலில் சுழற்றி உதைக்க வேண்டாம். பாதம் புதைந்துவிட்டால் திரும்ப வழியில்லை, மறுபடி முட்டிதான் மாட்டும்.

4. உதையை நாலாக வெட்டுங்கள் (நான்காவது வாரத்திலிருந்து)

முட்டி தூக்கு. பாதமும் இடுப்பும் திருப்பு. காலை நீட்டு. மடக்கி இறக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு நொடி நிற்க வேண்டும். இப்படி மெதுவாகப் பத்து இடது உதை போட்டால், வேகமாகப் போட்ட நூறைவிடக் கூடுதலாக வியர்க்கும்.

பெரும்பாலோர் நாலாவதைத் தின்றுவிடுகிறார்கள். கால் நீண்டதும் மடக்காமல் தொப்பென்று கீழே போடுகிறார்கள். அப்படி விழுந்தால் அடுத்த அடிக்கு உடம்பு தயாராக இருக்காது. தேர்வில் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

வலது காலை விட்டுவிடாதீர்கள். நன்றாக வருகிற பக்கத்தில் ஒன்றை மெதுவாகப் போட்டு, இடுப்பு எப்போது திரும்புகிறது, கை எங்கே இருக்கிறது என்று கவனித்து, உடனே அதையே இடதில் போடுங்கள். உங்களுக்கு உங்கள் வலது காலைவிட நல்ல மாஸ்டர் கிடையாது. என் கணக்கு, இடதில் இரண்டு என்றால் வலதில் ஒன்று. இடதில்தான் தொடங்க வேண்டும், களைத்த பிறகு பலவீனப் பக்கத்தைத் தொட்டால் களைப்பைத்தான் பழக்குவீர்கள்.

டேக்வாண்டோவில் வரிசையாகச் செய்து காட்டும் அசைவுத் தொகுப்புக்குப் பூம்சே என்று பெயர். முதல் பூம்சேயான டேகுக் இல் ஜாங் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி. அதன் 18 அசைவுகளில் ஆப் சாகி என்ற நேர் உதை வலதில் ஒன்று, இடதில் ஒன்று வரும். அதைத் தினமும் ஒரு தடவை போனில் எடுத்து, இரண்டு உதையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. பலமும் நீட்டமும்: சைக்கிள் டியூப் போதும்

கடையில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் 600 ரூபாய் சொன்னார்கள். ரப்பர் வெட்டுகிற மாவட்டத்தில் ரப்பர் பட்டைக்கு 600 கொடுக்க மனசு வரவில்லை. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் 20 ரூபாய்க்குக் கிடைத்தது. வால்வு இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு முனையைப் பின்கட்டில் சும்மா கிடக்கும் ஆட்டுக்கல்லிலும் மறுமுனையைக் கணுக்காலிலும் கட்டி, முட்டியை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். முன்பக்கம் பத்து, பக்கவாட்டில் பத்து, இரண்டு சுற்று. கட்டும் முன் டியூபை இழுத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அறுந்தால் தெறிப்பது உங்கள் மேல்தான்.

நிற்கிற காலுக்கு: நாற்காலியில் ஒற்றைக்காலால் உட்கார்ந்து எழுவது எட்டு, படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக்காலில் குதிகால் ஏற்றி இறக்குவது பதினைந்து.

இப்போது நான் பட்ட பாடு. கணுக்காலில் கட்டும் ஒரு கிலோ எடை ஜோடி 450 ரூபாய்க்கு வாங்கினேன். அதைக் கட்டிக்கொண்டு வேகமாக உதைத்தால் பலம் கூடும் என்று யாரோ சொன்னார்கள். கால் நீளும் கடைசி நொடியில் அந்த எடை முட்டியைப் பிடித்து இழுக்கும். இரண்டு வாரத்தில் முட்டிக்குப் பின்னால் வலி, பத்து நாள் வகுப்பு போயிற்று, பிசியோதெரபிக்கு 1,200. எடையைக் கட்டி மெதுவாகத் தூக்கி இறக்கலாம். சுண்டி உதைக்கக் கூடாது. இப்போது அது துணி பறக்காமல் இருக்கத் தையல் மேசையில் கிடக்கிறது.

உடம்பு சூடாகும் முன் நீட்டிப் பிடிக்காதீர்கள். வகுப்புக்கு முன் கம்பியைப் பிடித்துக் காலை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் வீசினால் போதும். வகுப்பு முடிந்த பிறகு நீட்டுங்கள். உள்ளங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்து முட்டிகளை இறக்குவது ஒன்று, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி இடுப்பை முன்னால் தள்ளுவது இன்னொன்று. தடவைக்கு முப்பது நொடி. யாராவது முதுகில் ஏறி அமுக்கி ஸ்பிளிட் வரவைக்கிறேன் என்றால் எழுந்து போய்விடுங்கள்.

6. எதில் அடிப்பது

ஏழாவது வாரத்துக்கு முன், தொங்கவிட்டு உதைக்கும் கனமான பை வேண்டாம். முதலில் ஒருவர் தொங்கவிட்டுப் பிடிக்கும் செய்தித்தாளில் அடியுங்கள். கால் சரியாகச் சுண்டி மடங்கினால் தாள் கிழியும், தள்ளினால் பறக்கும். பொய் சொல்லாத ஒரே பயிற்சிச் சாமான் அதுதான்.

பிறகு பை. நான் சாக்கில் தையல் கடை வெட்டுத்துணிகளைத் திணித்து, இருபது கிலோ அளவில் பிலாமரத்தில் கட்டினேன். கயிறு 90 ரூபாய், மற்றது ஓசி. மணல் போடாதீர்கள். நாலு நாளில் மணல் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், தாழ்வாகப் பட்ட உதை எலும்பில் தெரியும்.

7. மூன்று மாத அட்டவணை

வகுப்பு வாரம் மூன்று நாள் என்றால் வீட்டில் நாலு நாள், ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம். அதில் ஒரு நாள் வெறும் நிற்பதும் நீட்டுவதும். முதல் மூன்று வாரம் நிற்கிற கால், நாலு முதல் ஆறு வெட்டிய உதையும் டியூபும், ஏழு முதல் பத்து தாளும் பையும், கடைசி இரண்டு வாரம் வகுப்பில் பேட். தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள். எனக்கு ஆறு வாரம்தான் மிச்சம் இருந்ததால் எல்லாவற்றையும் பாதியாகச் சுருக்கினேன். முடிந்தது, ஆனால் உங்களுக்கு அது வேண்டாம்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் நம் முற்றங்களில் பாசி பிடிக்கும், ஐப்பசியிலும் அதே கதி. ஒற்றைக்காலில் நின்று பழகுகிறவருக்குப் பாசியைவிடப் பெரிய எதிரி இல்லை. மழை மாதங்களில் பயிற்சியை வராண்டாவுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், பை மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்த வெட்டுத்துணி காய மூன்று வாரம், நாற்றம் அதற்கு மேல்.

8. சண்டைப் பயிற்சியில்

நேராகச் சுழல் உதைக்குப் போகாதீர்கள். வலக்காரர் நிற்கும்போது இடது கால் முன்னால் இருக்கும். முன்காலால் அடிக்க இடுப்பு அதிகம் திரும்ப வேண்டியதில்லை. எதிராளி வரும்போது முட்டியைத் தூக்கித் தள்ளி நிறுத்துவதில் தொடங்குங்கள். டேக்வாண்டோவில் மார்புக் கவசத்தில் படும் உதைக்கு 2 புள்ளி, தலைக்கு 3, முதுகு எதிராளி பக்கம் வரும்படி உடம்பையே சுழற்றி அடித்தால் அவை முறையே 4, 5. உயரமாகப் போகும் ஆசை இதனால்தான் வருகிறது. இடுப்பளவில் சுத்தமாக வரும்வரை இடது காலைத் தலைக்கு அனுப்பாதீர்கள்.

9. தேர்வு: தாள்களும் காசும்

ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு படம் இரண்டு, முந்தைய பெல்ட் சான்றிதழ் நகல். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் கையெழுத்தும். ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் ஜெராக்ஸ் கடையில் மின்சாரம் இருக்காது, இது எழுதப்படாத விதி.

கட்டணத்தில் என்னென்ன அடக்கம் என்று முன்கூட்டியே கேளுங்கள். 800 கட்டியபோது பெல்ட்டும் சேர்த்து என்று நினைத்திருந்தேன், பெல்ட் தனியாக 150. தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு என்பதையும் கேட்டுவிடுங்கள், கேட்க வெட்கமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, பெல்ட் சான்றிதழ் வேறு, போட்டிச் சான்றிதழ் வேறு. கலர் பெல்ட் சான்றிதழைக் காட்டினால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைத்துவிடும் என்று நம்பிச் சேர்க்கும் பெற்றோர் உண்டு. கொரியாவிலுள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோனின் சான்றிதழ் வருவது கறுப்பு பெல்ட்டில்தான், பதினைந்து வயதுக்குள் என்றால் பூம் என்ற பெயரில்.

தேர்வு நாளில் அரை மணி முன்னால் போய்த் தரையைக் காலால் தடவிப் பாருங்கள். மேட் புதிது என்றால் பாதம் ஒட்டும், பழசு என்றால் வழுக்கும். அதற்கேற்ப நாலைந்து முறை திரும்பிப் பாருங்கள். இடது பத்து சொன்னதும் மாஸ்டர் மெதுவாக, "அக்கா, அவசரப்படாதீங்க" என்றார். நான் பேடைப் பார்க்கவில்லை. வலது குதிகால் திரும்புகிறதா என்பதில் மட்டும் இருந்தேன். ஒன்பது உதை பேடில் சரியாக விழுந்தது, ஒன்று உரசிக்கொண்டு போனது. போதும் என்றார்கள்.

சான்றிதழ் வர ஆறு வாரம் ஆனது. வந்ததும் அங்கேயே நின்று ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். என்னுடையதில் இனிஷியல் மாறியிருந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், திருத்தி வாங்க இன்னும் ஒரு மாதம், 100 ரூபாய்.